'அபவுட்'டுக்கு இடமில்லை

திருக்கோவிலூருக்கு நெருக்கடி புதிதல்ல. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் நிற்க, நான்காவதாகப் பெருமாளே புகுந்து நெருக்கிய ஊர் இது. ஆனால் இங்கே பள்ளித் தேர்வில் 'டிஸ்கஸ்' என்ற ஆங்கில வினைக்குப் பின்னால் 'அபவுட்' புகுந்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது. பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் மார்க் போச்சு.

பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தமிழில் எதையும் 'பற்றி'த்தானே பேசுகிறோம்? அந்தப் 'பற்றி'தான் வேட்டியை அவிழ்த்துவிட்டு பேன்ட் போட்டுக்கொண்டு 'அபவுட்' ஆக வந்து நிற்கிறது.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்றாலும் சிவப்பு மைதான். உடைமையைச் சொல்லும் 'ஹேவ்' 'இங்' ஏற்காதாம். 'ஐ ஆம் ஹேவிங் இட்லி' என்றால் மட்டும் சரியாம். கூடப் பிறந்தவனுக்கு இல்லாத சலுகை இட்லிக்கு!

(நம் வீட்டு அலமாரிகளில் தடியாகக் குந்தியிருக்கும் 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணத்தின் ரென், 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலும் எழுதியவர். அதைப் படித்து யாரும் ஃபெயிலானதில்லை.)

இந்த ஆங்கில வினைத் தொல்லைக்கு நம் ஆட்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். டிஸ்கஸ் பண்ணு, வெயிட் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு. எந்த ஆங்கில வினையும் 'பண்ணு'வுக்கு அடங்கும்.

பிள்ளைகளே, தேர்வில் 'அபவுட்'டை வெட்டிவிடுங்கள். பிறகு வேலை கிடைத்து, மேலதிகாரி 'டிஸ்கஸ் அபவுட்' என்று கடிதம் அனுப்பினால், தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்.