பீரங்கி அங்கிள்

ரவாங்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு பீரங்கி அங்கிள் இருப்பார். பட்டாளத்தில் இருந்தவர் அல்லர். ஓய்வுபெற்ற கிராணியாக இருப்பார், இல்லாவிட்டால் லாரி ஓட்டியவர். பள்ளி விடுமுறை விட்டால் போதும், பேரப்பிள்ளைகளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போர்ட்டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்துக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகளிடம் கடற்கரை என்று சொல்லியிருப்பார்.

அங்கே எழுதி வைத்திருக்கும் பலகை எதையும் படிக்க மாட்டார். படிப்பவர்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபம். வெளியே நிற்கும் டாங்கியை, பழைய கார் வாங்கப் போனவர்போல் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"ஜப்பான்காரன் டாங்கிய உட்டுத்தான் சிலிம் ரிவர்ல வெள்ளக்காரன அடிச்சான். அப்புறம் எந்த வழியா கே.எல். போனான்? நம்ம ரவாங் வழியா!"

சங்கடம் என்னவென்றால், இது உண்மை. 1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சிதறடித்தன. 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. நடுவழியில் ரவாங். ஒன்று சரியாக அமைந்துவிட்டதால், மற்ற யுத்தங்களையும் அதே வழியில் திருப்பிவிடும் துணிச்சல் அவருக்கு வந்துவிட்டது.

கோலசிலாங்கூர் புக்கிட் மலாவாத்தியில் கடலைப் பார்த்து நிற்கும் பீரங்கிகளிடம் இது பலிக்காது என்று நினைப்போம். 1784-இல் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்து ஆல்திங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் விரட்டிவிட்டார். இதில் ரவாங் எங்கே?

"டச்சுக்காரன் எதுக்கு வந்தான்? ஈயத்துக்கு. ஈயம் எங்க இருந்துச்சி?"

யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரே சொல்லிக்கொள்வார். அங்கிருந்து நூறு வருஷத்தை ஒரே தாவாகத் தாண்டி, 1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரம் கொண்டுவந்த கதைக்குப் போய், இந்த மாத மின்கட்டணத்தில் வந்து நிற்பார்.

பீரங்கியின் வாய்க்குள் கைவிட்டுக் காட்டுவது கடைசிக் கட்டம். கையோடு வருவது கச்சான் தோலும் மினரல் வாட்டர் மூடியும். அதற்குள் கருங்குரங்கு ஒன்று குழாய்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

மரத்தடியில் புளிச்சாதப் பாத்திரத்தை மடியில் அணைத்துக் குரங்குகளிடமிருந்து காத்துவரும் ஆண்ட்டி அப்போதுதான் வாய் திறப்பார்:

"டச்சுக்காரன் ரவாங் வந்தானோ இல்லையோ, இருட்டறதுக்குள்ள நாம போய்ச் சேரணும். பாசிர் பெனாம்பாங்ல கருவாடு வேற வாங்கணும், வண்டிய எடுங்க."