பாயிண்ட்டை மட்டும்தான் மாத்தினேன்!

பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு தெருவில் நிற்கக் கூடாது. நின்றால் நிபுணர்கள் கூடிவிடுவார்கள். இந்த வாரமும் அதே கூத்து, எரிச்சல் இன்னும் ஆறவில்லை. செல்ஃப் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே “பேட்டரி டவுன் சார்” என்பார் ஒருவர். கார்புரேட்டரில் குப்பை என்பார் அடுத்தவர். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பதை மோந்து பார்த்தே சொல்வார் மூன்றாமவர். தள்ளினால் கிளம்பிவிடும் என்பவர் தள்ள வரமாட்டார். “வித்துடுங்க” என்று ஒருவர், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அவருடைய மச்சான். உத்தர்பாராவில் 2014-இல் அம்பாசடர் தயாரிப்பு நின்றதற்கும் இன்று காலை இது கிளம்பாததற்கும் முடிச்சுப் போட ஒரு பெரியவர். நேற்று வரை ஓடிய வண்டியில் ராத்திரி கைவைத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் நம் இனத்து ஓனர்களிடம் பதில் தயார்: “நான் ஒண்ணும் பண்ணலை, பாயிண்ட்டை மட்டும்தான் மாத்தினேன்.”

அங்கேதான் தேட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டின் ஸ்பிரிங்கும் ஒயரின் முனையும் இரும்பில் படாதிருக்க, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு ஃபைபர் வாஷர் உண்டு. அதை இடம் மாற்றிப் போட்டால் கரண்ட் நேரே எர்த்துக்குப் போய்விடும்; பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், ஸ்பார்க் வராது. கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் மாட்டும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்து, செல்ஃப் அடித்தால் விளக்கு மினுக்க வேண்டும். எரிந்தே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை. எரியவே இல்லையென்றால் ஒன்று காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது வாஷர் விவகாரம். பிளக் ஒயர்களைக் கழற்றியிருந்தால் 1-3-4-2 வரிசையையும் பார்த்துவிடலாம்.

வயதான வண்டி, அதே ராத்திரியில் வேறு ஏதாவதும் போயிருக்கலாமே என்பார்கள். போயிருக்கலாம். ஆனால் வாஷரைப் பார்க்கக் காசு ஆகாது. புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். காயிலில் பிளஸ் மைனஸ் மாறியிருக்குமோ என்பது இன்னொரு வாதம். மாறினால் ஸ்பார்க் கொஞ்சம் பலவீனமாகும். அதற்காக வண்டி அடியோடு படுத்துவிடுவது அபூர்வம். எனவே தொட்டதை முதலில் பாருங்கள், தொடாததைப் பிறகு பழிக்கலாம். அடுத்த முறை எதையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நிபுணர்கள் வந்தால் பானெட்டை மூடிவிடுங்கள்.