பன்றி கண்ட உப்பு, பாதிரிகள் உண்ட உப்பு

வடக்கு ஜெர்மனியில் இருக்கிற லூனெபுர்க்குக்கு வாழ்வு வந்தது, ஒரு காட்டுப் பன்றி சேற்றில் புரண்டதால். ஊற்றுக் குட்டையில் குளித்துவிட்டு வெயிலில் படுத்திருந்ததாம். வேடன் பார்த்தபோது அதன் மயிரெல்லாம் வெள்ளைவெளேரென்று உப்புப் பூத்திருந்ததாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் ஊர்ப் பேச்சு. அவர்களும் நினைத்தார்கள், பன்றியைக் கொன்ற பிறகு. அதன் எலும்பு என்று ஒன்றை நகர மன்றத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மிச்சப் பன்றி எங்கே போனது என்று கேட்காதீர்கள். இறைச்சியும் உப்பும் ஒரே நாளில் கிடைத்திருக்கிறது!

கதை புளுகாக இருக்கலாம், ஊற்று நிஜம். ஊருக்கு அடியில் ஓர் உப்பு மலையே புதைந்து கிடக்கிறது. நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பென்றால், இதில் ஏறக்குறைய 300. பாத்தி கட்டிக் காயவைக்கலாம்தான், அந்தச் சீமையில் வெயிலுக்கு எங்கே போவது? ஈயத் தட்டுகளில் ஊற்றி, விறகை அடுக்கி, இரவு பகலாகக் காய்ச்சினார்கள். 956-இல் அரசர் முதலாம் ஓட்டோ உப்புச் சுங்கத்தைப் புனித மிக்கேல் மடத்துக்கு எழுதிவைத்தார். பிறகென்ன, அடுப்புப் புகை கண்ணில் படாமலேயே மடாதிபதிகள் பலரும் காய்ச்சும் தட்டுகளில் பங்குக்காரர் ஆனார்கள்.

நோன்பு நாளில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும் என்றது திருச்சபை. பால்டிக் கடலின் ஹெர்ரிங் மீனோ சீக்கிரமே நாறும். நாறாமலிருக்க உப்பு வேண்டும். உப்பு யாருடையது? நோன்பிருக்கச் சொன்னவருடையது! சரக்கைப் பால்டிக் துறைமுகமான லூபெக்குக்குக் கொண்டுபோக 1398-இல் ஸ்டெக்னிட்ஸ் கால்வாயையே வெட்டி முடித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் நகரம் கடனாளி. சாமிமார் தங்கள் உப்பு வருமானத்தில் பாதியைக் கடனடைக்கத் தரவேண்டும் என்று நகர மன்றம் கேட்டது. சாமிமார் ரோமாபுரிக்குப் புகார் கொண்டுபோனார்கள். மன்றத்தாருக்குச் சபைநீக்கம் வந்தது. கடனாளிக்கு நரகம், வட்டி தனி. நரகத்துக்குப் பயந்த ஊர், 1454-இல் மன்றத்தையே மாற்றியது. பழைய மேயர் யோஹான் ஸ்பிரிங்கிண்ட்குட் கோபுரச் சிறையில் அடைபட்டு, மறுவருஷம் அங்கேயே செத்தார். சண்டை ஓய 1462 ஆயிற்று.

உப்பை எடுக்க எடுக்க அடியில் பள்ளம் விழுந்தது. வீடுகள் சாய்ந்தன, சுவர்களுக்குத் தொந்தி விழுந்தது. உப்புக் காய்ச்சுகிறவர்களின் புனித லம்பெர்ட் தேவாலயம் ஆட்டம் கண்டு, 1860-ஐ ஒட்டி இடிக்கப்பட்டது. கர்த்தரின் வீட்டுக்கும் சலுகை இல்லை. 1980-இல் ஆலையை மூடி, அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். சில தெருக்கள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பழுதுபார்க்கும் செலவில் பாதியைக் கேட்கலாமென்றால், அந்தப் பங்குக்காரச் சாமிமார் ஒருவரும் இப்போது இல்லை.