ஓரிக்குக் கிடைக்காத நார்வே

முள்ளுக்குறிச்சியில் நின்று அண்ணாந்தால் கொல்லிமலை. அந்த மலைக்காகச் சங்க காலத்தில் நடந்த தகராறு சுருக்கமானது. சேரனுக்கு மலை மேல் கண், காரி என்ற குறுநில மன்னனை ஏவினான், காரி மலையை ஆண்ட ஓரியைக் கொன்றான், மலை சேரன் கைக்குப் போனது. நடுவர் கிடையாது, கூட்டறிக்கை கிடையாது. வல்வில் ஓரிக்கு ஆடியில் விழா எடுக்கிறோம். அன்றைக்கு அவனுக்காகப் பேச ஒரு நார்வேக்காரன் வரவில்லையே!

வந்திருந்தால் மட்டும்? இலங்கையைப் பாருங்கள்.

2002 பிப்ரவரியில், நார்வே நடுவராக நிற்க, அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம். புலிகளின் தலைவர் பிரபாகரனும் பிரதமர் ரணிலும் ஆளுக்கோர் இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிவரை நேரில் சந்திக்கவே இல்லை. சம்பந்திகள் முகம் பாராமல் நடந்த நிச்சயதார்த்தம். அதிலும் பெண் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி: பிரதமர் ரணில், அவருக்கு ஆகாத ஜனாதிபதி சந்திரிகா. பேச்சு தாய்லாந்து, ஒஸ்லோ, பெர்லின், ஜப்பான் என்று ஊர் சுற்றியது. ஒஸ்லோவில் சமஷ்டி முறையை ஆராயலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் 2003 ஏப்ரலில் உதவி நாடுகளின் கூட்டத்தை வாஷிங்டனில் வைத்தார்கள். புலிகளைத் தடை செய்த நாட்டில், புலிகள் நுழையவே முடியாத ஊரில்! அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த மகானுக்குச் சிலை வைக்க வேண்டும். அதே மாதம் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் முடிவில் புலிகளே இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபைக்கு ஒரு திட்டம் நீட்டினார்கள். சில நாளில் ரணில் அமெரிக்காவில் இருந்த நேரமாகப் பார்த்துப் பாதுகாப்பு, உள்நாட்டு அலுவல்கள், ஊடகம் என மூன்று அமைச்சுகளைச் சந்திரிகா எடுத்துக்கொண்டார். இனி புலிகள் யாரிடம் பேசுவது? சிரிக்க அவர்களுக்கும் நேரமில்லை. பேச்சுக்குழுவில் அவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கிழக்குத் தளபதி கருணா 2004 மார்ச்சில் இயக்கத்தைவிட்டுப் பிரிந்தார். சொந்த வீட்டோடு உடன்படிக்கை போடாதவர்கள் அடுத்த வீட்டோடு போட வந்தார்கள் என்பது என் கட்சி.

2006தான் உச்சம். பிப்ரவரியில் ஜெனீவாவில் ஒருவழியாகப் பேசினார்கள். ஏப்ரலில் அடுத்த சுற்று. அதற்கு முன் புலிகளின் கிழக்குத் தளபதிகள் தலைமை இருந்த வன்னிக்கு வந்து கலந்துபேச வேண்டும். எதில் வருவது? ஹெலிகாப்டரா, கப்பலா? கப்பல் என்றால் பக்கத்தில் கடற்படை வரலாமா? நாட்டின் தலைவிதி போக்குவரத்துப் பிரச்சினையாகி, சுற்றே நின்றது. ஜூனில் இரு தரப்பும் ஒஸ்லோ வரை விமானம் ஏறிப் போனார்கள். அரசுக் குழுவில் அமைச்சர் யாரும் இல்லை என்று புலிகள் எதிரில் உட்கார மறுத்தார்கள். அக்டோபரில் மறுபடி ஜெனீவா. யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையைத் திறப்பதா வேண்டாமா என்பதில் அதுவும் கவிழ்ந்தது. இதற்குள் கிழக்கே மாவிலாற்று மதகுக்காக ஊரில் நிஜச் சண்டையே நடந்திருந்தது.

ஒப்பந்தத்தை ஆண்டுக்கணக்கில் இரு தரப்பும் மீறினார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு மீறல்களை எண்ணியெண்ணிக் களைத்தது. விலக வேண்டுமானால் 14 நாள் முன்னதாக நார்வேக்கு அறிவிக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் ஒரு விதி. 2008 ஜனவரி 2 அன்று விலகல் முடிவை அறிவித்த அரசாங்கம், 16ஆம் தேதி வரை பொறுத்திருந்து அந்த விதியை மட்டும் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியது.