சத்தம் போடாமல் செத்துப்போகும் இரண்டாவது கார்டு

பற்றவைத்த வெடி வெடித்துவிட்டால் கவலையில்லை. திரி எரிந்து முடிந்த பிறகும் சத்தம் வராமல் கிடக்கிறதே, அதன் பக்கத்தில்தான் போகக் கூடாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இதைச் சின்னப் பிள்ளைக்குக்கூட வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவுள்ள ஊரில், அச்சக அலுவலகத்தின் ஏசி அறைக்குள் நுழைந்ததும் அந்த ஞானத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒரு சர்வர் இருக்கிறது. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்துக் கட்டி, பாண்டிங் என்று பெயர் வைத்து, ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒன்று ஏற்கெனவே போயிருக்கும். அது போன விஷயம் யாருக்கும் தெரியாது. இரண்டு கார்டு போட்டதாலேயே சர்வருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது, ஒன்று செத்தவுடன் யாராவது காது கேட்க அலறினால்தான் வரும் என்பதே என் கட்சி. அலறாத பாண்டிங்கைவிட ஒற்றைக் கார்டே மேல் என்றுகூடச் சொல்வேன்.

இந்த வட்டாரத்தில் சர்வருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் தினசரி காலண்டரைக் கிழிப்பதோடு சரி, அது எப்படி அச்சாகிறது என்று யோசித்திராதவர்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால், மார்கழி வரைக்கும் மெஷின் நிற்காது. ஒவ்வொரு வண்ணப் படமும் நாலு நிறமாகப் பிரிந்து, நாலு பிளேட்டாக மாற வேண்டும். அந்த வேலையைச் செய்கிற ரிப் சர்வரிலிருந்து பிளேட் போடுகிற சிடிபி மெஷினுக்கு நூற்றுக்கணக்கான எம்பி கனமுள்ள கோப்புகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கும். போகிற வழி அடைத்துக்கொண்டால் முருகன் மஞ்சள் நிறத்தோடு நின்றுவிடுவார், சிவப்புக்கும் நீலத்துக்கும் கீழே நாலு மெஷின்மேன்கள் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆகவே முதலாளி இரண்டு கார்டுக்குப் பணம் கொடுக்கிறார். கொடுக்கும்போது இரண்டு ஆசைகள் அவருக்கு உண்டு. ஒன்று, வேகம் இரட்டிப்பாகும். இன்னொன்று, கவலை பாதியாகும். நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடலாம். லினக்ஸில் இந்தப் பாண்டிங் பிறந்ததே வேகத்துக்காகத்தான், பாதுகாப்புக்காக அல்ல. 1994-இல் அமெரிக்காவின் நாசா கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் சாதாரண 486 ரகக் கணினிகள் பதினாறை ஒன்றாகக் கோர்த்து பேவுல்ஃப் என்ற மலிவுவிலை சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்தார்கள். அன்றைய 10 எம்பிட் ஈதர்நெட் போதாததால் கேபிள்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அந்தப் பேவுல்ஃப் வழிவந்ததுதான் இன்றைய லினக்ஸ் பாண்டிங் டிரைவர். ஆனால் இன்று பெரும்பாலான அலுவலகங்களில் உள்ள வகைகளில், ஒரு கணினிக்குப் போகிற ஒரு கோப்பு ஒரே கேபிளில்தான் போகும். பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி இரண்டிலும் அனுப்பினால் அவை வரிசை குலைந்து போய்ச் சேரும் என்பதால், யாருக்கு எந்தக் கேபிள் என்று ஒரு கணக்குப் போட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். சர்வரிலிருந்து சிடிபி மெஷினுக்குப் போகிற ராட்சதக் கோப்பு ஒரு கேபிளில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, பக்கத்துக் கேபிள் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். பல பேர் ஒரே நேரத்தில் கேட்டால் மொத்தத்தில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஒருவர் கேட்டால் கிடையாது. இதை முதலாளியிடம் விளக்க முயன்ற இன்ஜினியர்கள் பாதிப் பேச்சில் எழுந்து வந்திருப்பார்கள்.

அந்தக் கணக்கு என்ன என்று தெரிந்தால்தான் பழுது வரும்போது நடக்கும் கூத்து புரியும். வழக்கமான கணக்கில், அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் மேக் முகவரியின், அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணின், கடைசிப் பகுதியை எடுத்து ஒன்றோடொன்று பொருத்தி, கார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்க்கிறார்கள். இரண்டு கார்டு என்றால், நடைமுறையில் எதிர்முனைக் கணினியின் மேக் முகவரி ஒற்றைப்படையில் முடிகிறதா, இரட்டைப்படையில் முடிகிறதா என்பதுதான் தீர்ப்பு. இப்போது ஒரு கேபிளின் வழி செத்துவிட்டது, ஆனால் சர்வருக்கு அது தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு எல்லாம் சரியாக இருக்கும், மீதிப் பாதிக்கு எதுவுமே இருக்காது. கணக்குப்பிள்ளைக்கு டேலி திறக்கும், டிசைனருக்குக் கோப்பு திறக்காது. நெட்வொர்க் என்றால் எல்லோருக்கும் போக வேண்டும் என்று நம்புகிற நாம், உடனே டிசைனரின் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று முடிவுகட்டி, விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம். அப்புறமும் வராது. கடைசியில் யாரோ ஒருவர் அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டையே மாற்றுவார். புதுக் கார்டின் முகவரி தற்செயலாக இரட்டைப்படையில் முடியும், எல்லாம் ஓடும். மாற்றியவருக்குச் சம்பளம் உயரும். பழுது சர்வரிலேயே பத்திரமாக இருக்கும்.

வழி செத்தது சர்வருக்கு எப்படித் தெரியாமல் போகும்? இங்கேதான் நமத்துப்போன வெடியின் ரகசியம் இருக்கிறது. கேபிளைக் கவனிக்க எம்ஐஐமான் என்ற காவல்காரரை நிறுத்துகிறோம். நூறு மில்லி விநாடிக்கு ஒருமுறை கேபிளைத் தொட்டு, நாடி இருக்கிறதா என்று அவர் பார்க்கிறார். அவர் பார்ப்பது சர்வருக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் உள்ள இணைப்பை மட்டுமே. சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பைண்டிங் பிரிவுக்கு ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் வைத்திருந்தால், ஃபைபர் அறுந்தாலும் சில மலிவான கன்வர்ட்டர்களில் இந்தப் பக்கத்துப் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். ஸ்விட்ச் போர்ட்டை யாரோ வேறு விலானில், அதாவது வேறொரு தனி நெட்வொர்க்கில், மாற்றிவைத்தாலும் அப்படியே. காவல்காரர் நாடி நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். இதற்கு மாற்று ஏஆர்பி கண்காணிப்பு: தொலைவிலுள்ள ஒரு முகவரியைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பது. அல்லது ஸ்விட்சும் சர்வரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் எல்ஏசிபி. எல்ஏசிபியிலும் சாதாரண அமைப்பில் 30 விநாடிக்கு ஒருமுறைதான் விசாரிப்பு, மூன்று முறை பதில் இல்லாவிட்டால்தான் கைவிடும். அந்த ஒன்றரை நிமிடத்தில் சிவகாசி முதலாளி மூன்று பேரைத் திட்டிமுடித்திருப்பார். விநாடிக்கு ஒருமுறை விசாரிக்கும்படி மாற்ற ஒரு வரி போதும்.

இத்தனைக்கும் லினக்ஸ் எதையும் மறைப்பதில்லை. பாண்ட்0 என்ற பெயரில் ஒரு நிலவரக் கோப்பு வைத்திருக்கிறது. அதைத் திறந்தால் ஒவ்வொரு கார்டுக்கும் எதிரே லிங்க் உயிரோடு இருக்கிறதா, இதுவரை எத்தனை முறை விழுந்தது என்று எழுதியிருக்கும். எல்ஏசிபி என்றால் எதிர்முனையின் முகவரியும் இருக்கும். ஸ்விட்சில் யாரும் எதையும் அமைக்காமல் சர்வரில் மட்டும் எல்ஏசிபி போட்டிருந்தால், பார்ட்னர் என்ற இடத்தில் பன்னிரண்டு பூஜ்யங்கள் வரிசையாக நிற்கும். பங்காளி பெயர் காலியாக உள்ள பத்திரத்தில் எந்த விருதுநகர் மண்டிக்காரரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் அவர் கடை சர்வர் வருஷக்கணக்கில் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. பழுது பார்க்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கோப்பைப் படிப்பது. நடைமுறையில் முதலில் நடப்பது ரீஸ்டார்ட், இரண்டாவது கேபிளை ஆட்டிப் பார்ப்பது, மூன்றாவது சாமி படத்துக்குக் கற்பூரம். கோப்பைப் படிப்பது ஏழாவதோ எட்டாவதோ.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ‘பழுது யாருக்கும் தெரியாமல் இருக்கத்தானே இரண்டு கார்டு போட்டோம், தெரியவில்லை என்று குறை சொன்னால் எப்படி?’ யாருக்கு என்பதில்தான் விஷயம். டிசைனருக்குத் தெரியக் கூடாது, மெஷின்மேனுக்குத் தெரியக் கூடாது, முதலாளிக்குத் தெரியவே கூடாது. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவருக்கும் சேர்த்து மறைத்துவிட்டால் நாம் வாங்கியது பாதுகாப்பு இல்லை, தவணை. முதல் கார்டு சித்திரையில் போகும், இரண்டாவது பொறுப்பை ஏற்கும், ஒரு நொடிகூடத் தடங்கல் இருக்காது. மறு வருஷம் கார்த்திகையில், காலண்டர் பைண்டிங்குக்குப் போகிற நாளில், இரண்டாவதும் போகும். உடனே எல்லோரும் சொல்வார்கள்: ‘இரண்டு கார்டும் ஒரே நாளில் போய்விட்டதே, என்ன நேரமோ!’ முதலாவதுக்கு அதற்குள் வருஷத் திவசமே முடிந்திருக்கும்.

ஒரே நாளில் இரண்டும் போவதும் நடக்காமல் இல்லை. அதற்கு நேரத்தைக் குறை சொல்ல வேண்டாம், பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். இரண்டு கார்டு என்பது பல இடங்களில் ஒரே கார்டில் உள்ள இரண்டு ஓட்டை. இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சுக்குப் போகும், அந்த ஸ்விட்ச் ஒரே யுபிஎஸ்ஸில் தொங்கும், அந்த யுபிஎஸ்ஸின் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய தேதி யாருக்கும் நினைவிருக்காது. தனித்தனியாக இருப்பது என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை, ஊருக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலையை எட்டிப் பார்த்தால் தெரியும். கந்தகமும் அலுமினியப் பொடியும் புழங்குகிற வேலையை ஒரே கட்டடத்தில் வைக்காமல் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டு, கதவுகளை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்து, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்கிறார்கள். அறைகளின் எண்ணிக்கையைப் போலவே, ஓர் அறையின் கேடு அடுத்த அறைக்குப் போகாத தூரமும் முக்கியம். அந்த விதி மீறப்பட்டபோது இந்த மண் கொடுத்த விலை சிரிப்புக்குரியதல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சர்வர் அறையில் உயிர்ப்பலி இல்லை என்பது நல்ல விஷயம், அதற்காகப் பாடத்தையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘சின்ன அச்சகத்துக்கு இவ்வளவு எதற்கு?’ என்று அடுத்த ஆட்சேபம் வரும். அதுவும் சரிதான். எல்ஏசிபியை இரண்டு தனி ஸ்விட்சுகளுக்குப் பிரித்துக் கட்ட வேண்டுமென்றால் ஒன்றுபோல் நடிக்கத் தெரிந்த விலையுயர்ந்த ஸ்விட்சுகள் வேண்டும். ஆனால் ஒரு கார்டு உழைக்க, இன்னொன்று காத்திருக்கிற ஆக்டிவ்-பேக்கப் முறைக்குச் சாதாரண ஸ்விட்சுகள் இரண்டே போதும். வேகம் கூடாது, கூடும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இரண்டு தனிக் கார்டு, இரண்டு ஸ்விட்ச், இரண்டு யுபிஎஸ், ஒரு ஏஆர்பி இலக்கு என்று முடிந்துவிடும். அதற்கும் வசதியில்லை என்றால் ஒற்றைக் கார்டும், மேஜை டிராயரில் உறை பிரிக்காத இன்னொரு கார்டும் போதும். ஒற்றைக் கார்டு செத்தால் ஊரே கத்தும், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

மிச்சமிருப்பது சோதனை. இரண்டாவது கார்டு வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி ஒன்றுதான்: முதலாவதின் கேபிளைப் பிடுங்குவது, அது தாங்கினால் செருகிவிட்டு இரண்டாவதைப் பிடுங்குவது. ‘ஓடுகிற சர்வரில் கேபிளைப் பிடுங்கச் சொல்கிறீர்களா?’ என்று பதறுவார்கள். அந்தப் பதற்றமே பாண்டிங்கின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதற்கு வாக்குமூலம். ஆவணியில் செய்ய வேண்டாம். பொங்கல் முடிந்து மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிற வாரத்தில், ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டுச் செய்யலாம். கூடவே லிங்க் விழுந்தால் செய்தி வரும்படி அமைக்கலாம். அந்தச் செய்தி அதே பாண்டிங் வழியாக மின்னஞ்சலாகப் போகிற மாதிரி அமைத்து, செத்தவரே தன் சாவுச் சேதியைச் சொல்ல வேண்டிய நிலையில் வைக்காமல், சிம் போட்ட ஒரு தனிக் கருவியில் விட்டால் நல்லது. இவ்வளவும் முடியாது, பிடுங்கிப் பார்க்கவும் தைரியமில்லை என்பவர்கள் இரண்டாவது கார்டுக்குக் கொடுத்த காசில் ஒரு பெட்டி பேன்சி வாங்கியிருக்கலாம். அதுவாவது சத்தம் போட்டிருக்கும்.