லைசென்ஸ் பெயர்ச்சி: ஒரு திருவரங்க ஆய்வு

குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் பலன் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெளிமாநிலத்தில் எடுத்த டிரைவிங் லைசென்ஸ் காவிரியைத் தாண்டி (சென்னை மார்க்கமாக வருபவர்களுக்குக் கொள்ளிடத்தைத் தாண்டி) ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தால் என்ன பலன் என்று எழுத ஒருவரும் முன்வரவில்லை. அக்குறையைப் போக்கும் பொருட்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. களம்: உத்திர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளஞ்சான் தெருக்கள், மற்றும் தெற்கு வாசல் பக்கத்து ஜெராக்ஸ் கடைகள்.

ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பம்பாயிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்த்துவிட்டு, மிச்சக் காலத்தைப் பெருமாள் காலடியில் கழிக்கலாம் என்று வந்து சேர்கிறவர்கள் இந்தத் தீவில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களோடு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஊஞ்சல் பலகை, வெளிமாநில லைசென்ஸ் ஆகியவையும் வருகின்றன. முதல் மூன்றும் ரேழியிலோ கூடத்திலோ எப்படியாவது பொருந்திவிடும். நான்காவதன் நெற்றியில் எம்.எச். என்றோ கே.ஏ. என்றோ எழுதியிருக்கிறது. யார் நெற்றியில் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்க்கும் ஊர் இது.

வரலாற்றுப் பின்னணியில் முதலில் பதிவு செய்ய வேண்டியது, இவ்வூரின் முதல் குடியே வெளிமாநிலத்தவர் என்பது. தல புராணப்படி ரங்க விமானம் இருந்தது அயோத்தியில். இன்றைய கணக்கில் யு.பி. 42. விபீஷணன் இலங்கைக்கு எடுத்துப் போகும் வழியில் காவிரிக் கரையில் இறக்கி வைத்தான்; பிறகு தூக்க வரவில்லை. தற்காலிக முகவரி நிரந்தர முகவரியாக மாறியதற்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பெருமாள் தெற்கே இலங்கையைப் பார்த்தபடி சயனித்திருப்பது, பழைய விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பதற்குச் சான்று என்று வாதிடவும் இடமுண்டு.

இரண்டாம் பெயர்ச்சிக்குப் புராணம் தேவையில்லை. 1323-இல் டெல்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் முதலானோர் உற்சவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறினார்கள். மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடி, அழகர்கோயில், கோழிக்கோடு (கே.எல். 11), மேல்கோட்டை (மாண்டியா மாவட்டம், கே.ஏ. 11), திருமலை என்று சுற்றி, விஜயநகரத்தின் கோபணாரியர் முயற்சியால் செஞ்சி வழியாக 1371-இல் உற்சவர் ஊர் திரும்பினார். இன்றைய எல்லைப்படி நான்கு மாநிலம், 48 ஆண்டு. ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ.வின் எண்ணும் டி.என். 48. திருச்சி மேற்குக்கு 45, கிழக்குக்கு 81 கொடுத்தவர்கள் இதற்கு மட்டும் 48 கொடுத்தது எப்படி? என்னிடம் இதற்கு மூன்று கோட்பாடுகள் உண்டு. வீட்டில் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்க ஆள் இல்லை. ஒரு மண்டலத்துக்கும் 48 நாள்தான் என்பதை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன்.

திரும்பி வந்தவருக்கு அடையாளச் சிக்கல் எழுந்தது. இடைக்காலத்தில் வேறொரு உற்சவரை எழுந்தருளப் பண்ணி ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பழையவரைக் கண்ணால் கண்ட தலைமுறை அநேகமாகப் போய்விட்டது. கோயில் வரலாற்று ஏடான கோயிலொழுகு சொல்லும் தீர்வு இது: ஒரு காலத்தில் பெருமாள் வஸ்திரங்களைத் துவைத்துக் கொடுத்த, இப்போது கண் தெரியாத ஒரு முதியவரை அழைத்தார்கள். இரு மூர்த்திகளின் திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தையும் வாயில் விட்டுப் பார்த்து, இன்னார்தான் நம் பெருமாள் என்று அவர் சொல்லிவிட்டார். நம்பெருமாள் என்ற திருநாமமே அப்படித்தான் நிலைத்தது என்பார்கள். நிர்வாகவியல் நோக்கில் கவனியுங்கள். புகைப்படம் இல்லை, நோட்டரி இல்லை, இரண்டு நகல் இல்லை. ஒரு சாட்சி, ஒரே அமர்வு. ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்று எவரும் சொன்னதாகக் குறிப்பில்லை.

இனிச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13-வது பிரிவைப் புரட்டியபோது இந்த ஆய்வே ஆட்டம் கண்டது. இந்தியாவில் எங்கே வாங்கிய லைசென்ஸும் இந்தியா முழுக்கச் செல்லுமாம். மாநிலம் மாறினால் லைசென்ஸையும் மாற்று என்று கெடு வைப்பது அமெரிக்க வழக்கம். கலிபோர்னியாவில் குடியேறினால் 10 நாள், நியூயார்க்கில் 30 நாள். கீழச் சித்திரை வீதியிலிருந்து அங்கே போன பிள்ளைகள் இதை வாட்ஸ்அப்பில் சொல்லிச் சொல்லியே இங்குள்ள அப்பாக்கள் வயிற்றில் புளியைக் கரைக்கிறார்கள். நம் ஊரில் கெடு இருப்பது வண்டிக்கு. வெளிமாநிலப் பதிவெண் கொண்ட வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கேயே கிடந்தால் 47-வது பிரிவுப்படி புது எண் வாங்க வேண்டும். பழைய ஊரில் 28-ஆம் நம்பர் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கி வந்து, இங்கே வரியும் கட்ட வேண்டும். ஸ்கூட்டருக்குப் பட வேண்டிய பயத்தை லைசென்ஸுக்குப் படுகிறது ஊர்.

அப்படியானால் மாற்றியே தீருவேன் என்று ஏன் அலைகிறார்கள்? களப்பணியில், மும்பையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவருக்கும் ஜெராக்ஸ் கடைப் பையனுக்கும் நடந்த உரையாடல் இது:

“கரண்ட் அட்ரஸ் புரூஃப் இருக்கா சார்?”

“கரண்ட் பில் இருக்கே.”

“யார் பேர்ல?”

“எங்க தாத்தா பேர்ல.”

“தாத்தா வந்து ஒரு கையெழுத்துப் போடுவாரா?”

“அவர் பரமபதிச்சு நாப்பது வருஷம் ஆச்சுப்பா.”

பையன் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்ப ஆதார்ல அட்ரஸ மாத்திட்டு வந்துடுங்க மாமா.”

சொந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் இங்கே முகவரியை நிரூபிப்பது கஷ்டம். வாடகைக்காரர் பதிவு செய்த ஒப்பந்தத்தை நீட்டிவிட்டுப் போய்விடுவார். மாமாவோ தாத்தா கட்டிய வீட்டில், தாத்தா பேரில் வரும் மின்சாரத்தில், தாத்தாவின் ஊஞ்சலில் ஆடுகிறார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் மகாராஷ்டிராவில் இருக்கிறார். ஆதாரில் முகவரி மாற்ற வங்கி பாஸ்புக்கைக் காட்டலாம். வங்கியில் முகவரி மாற்ற லைசென்ஸைக் காட்டலாம். லைசென்ஸில் முகவரி மாற்ற ஆதாரைக் காட்டலாம். இரண்டு ஒன்றையொன்று தாங்கி நின்றால் அந்நியோன்யாசிரயம், மூன்று நின்றால் சக்ரகம் என்று தர்க்க சாஸ்திரம் குற்றம் சொல்லும். குற்றம் சொல்லுமே தவிர, எந்த கவுண்ட்டரில் முதலில் நிற்பது என்று சொல்லாது.

வழி மாமி மூலம் பிறந்தது. குடும்பத் தலைவரின் ஆதாரைக் கொண்டு மற்றவர் முகவரியை மாற்றிக்கொள்ள 2023 முதல் வசதி இருக்கிறது. முன்னாலேயே ஊர் வந்து கேஸ் கனெக்‌ஷனைத் தன் பேரில் வாங்கி, ஆதாரையும் மாற்றி வைத்திருந்த மாமி தலைவியானார். அதற்கப்புறம் சுலபம். ஆதார் புதிய முகவரியோடு இருந்தால் லைசென்ஸில் முகவரி மாற்றுவது உட்பட 18 சேவைகளை இணையத்திலேயே முடிக்கலாம் என்று மத்திய அரசு 2021 மார்ச்சில் அறிவித்திருந்தது. முகவரி மாற்றத்துக்கு மத்திய விதிகளின்படி கட்டணம் 200 ரூபாய்.

விண்ணப்பிக்கும் முறையில் இரண்டு சம்பிரதாயங்களைக் கண்டேன். குரங்குக் குட்டி தானே தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலையின் மர்க்கட நியாயம். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலையின் மார்ஜார நியாயம். சரணாகதி பற்றிய அந்தப் பழைய வாதம் லைசென்ஸ் விண்ணப்பத்துக்கான சாரதி இணையதளத்துக்கு அப்படியே பொருந்துகிறது. மர்க்கட நியாயக்காரர் தானே உட்கார்ந்து, ஓ.டி.பி. வருவதற்குள் பக்கம் காலாவதியாகி, கையெழுத்துப் படம் கே.பி. கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டு, விடாமல் தொற்றிக்கொண்டிருப்பார். மார்ஜார நியாயக்காரர் டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஃபைலோடு நின்று, ‘எல்லாம் நீங்களே பாத்துக்கோங்கோ’ என்று கழுத்தைக் கொடுத்துவிடுவார். பிறப்பால் வடகலையாரான பலர் இரண்டாவது ஓ.டி.பி.யிலேயே தென்கலைக்கு மாறியதைக் களத்தில் கண்டேன். எதிர்த்திசையில் மாறியவர் ஒருவரும் அகப்படவில்லை.

இதிலெல்லாம் மாமாவுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் வந்த திருத்தத்தின்படி, 55 வயதைத் தாண்டியவருக்கு லைசென்ஸ் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கப்படும். 1ஏ படிவத்தில் டாக்டர் சான்றும் வேண்டும். அவர் லைசென்ஸ் முடிய இன்னும் சில மாதமே இருந்தது. பொறுத்திருந்தால் புதுப்பிக்கும்போதே முகவரியையும் மாற்றியிருக்கலாம். சொன்னேன். அவர் கலங்கவில்லை. “பேங்க்ல கேக்கறான், லாட்ஜ்ல கேக்கறான். இங்கதான் இருக்கேன்னு காட்ட ஒரு கார்டு வேணுமோன்னோ?” என்றார். லைசென்ஸ் வண்டி ஓட்டுவதற்கு அனுமதி என்று நினைப்பவர்கள் சட்டம் எழுதியவர்கள் மட்டும்தான்.

ஆய்வு முழுமை பெறுவதற்காக, கடைசியாக எப்போது வண்டி ஓட்டினீர்கள் என்று கேட்டேன்.

“இங்கயா? சித்திரைத் தேர் அன்னிக்கு வந்து பாருங்கோ, எவன் ஓட்டுவான்? ஸ்கூட்டரை தாதர்லயே வித்துட்டுத்தான் வந்தேன். ஜங்ஷனுக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் இருக்கு.”