'கூடாது' சொல்லாத பத்தியம்

பத்தியம் என்றாலே நம் காதில் விழுவது 'கூடாது' என்ற ஒரு சொல்தான். அறுபதைத் தாண்டியவருக்கு எழுதித் தரும் உணவுத்தாளில் உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இனிப்பு கூடவே கூடாது. மிஞ்சுவது வெந்நீரும் அந்தத் தாளும்தான். மூன்று நாள் சமர்த்தாக இருப்பவர், நாலாம் நாள் அதே தாளை பஜ்ஜிக்கு அடியில் போட்டு எண்ணெய் வடிக்கிறார். பெரியவருக்கு மன உறுதி போதாது என்கிறார்கள் பிள்ளைகள். குற்றம் தாளின் மேல்தான் என்பது என் கட்சி. சாட்சிக்கு ஸ்பெயின் நாட்டுத் தாத்தா பாட்டிகளைக் கூண்டில் ஏற்றுகிறேன்.

2003-ல் அங்கே 'பிரெடிமெட்' என்ற ஆய்வு தொடங்கியது. ஆண்கள் 55 முதல் 80 வயது, பெண்கள் 60 முதல் 80, மொத்தம் 7,447 பேர். இதயநோய் இன்னும் வரவில்லை; ஆனால் சர்க்கரையோ, கொதிப்பும் கொழுப்புமாகவோ வைத்துக்கொண்டு அதற்கு வாசல் திறந்து காத்திருந்தவர்கள். இவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு வாரம் 1 லிட்டர் முதல்தர ஆலிவ் எண்ணெய் இலவசம். அடுத்த பிரிவுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் வால்நட், 7.5 கிராம் பாதாம், 7.5 கிராம் ஹேசல்நட் (அந்த அரை கிராமுக்குத் தட்டான் தராசு தேவைப்பட்டிருக்கும்). இரு பிரிவினருக்கும் சொன்னது ஒன்றே: காய், பழம், பயறு, மீன் நிறையச் சாப்பிடுங்கள், தக்காளி, வெங்காயம், பூண்டை ஆலிவ் எண்ணெயில் சுருள வதக்கும் சோஃப்ரிட்டோவை விடாதீர்கள். நம் தக்காளித் தொக்குக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். அளவைக் குறையுங்கள் என்றோ, நடந்தே ஆகவேண்டும் என்றோ யாரும் அதட்டவில்லை. மூன்றாம் பிரிவுக்குத்தான் 'கொழுப்பைக் குறை' என்ற வழக்கமான தாள். ஆறுதலுக்குத் தின்ன முடியாத சில்லறைப் பரிசுகள். சுமார் 5 ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் என்று எண்ணினால், தாள் வாங்கியவர்களில் 1,000-க்கு 44 பேர். எண்ணெய்க்காரர்களில் 38, பருப்புக்காரர்களில் 34. கண்காணித்த காலத்தையும் கணக்கில் சேர்த்தால் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. எனக்கு இதைவிடப் பிடித்த கணக்கு வேறு. பாதியில் கழன்றுகொண்டவர்கள் தாள் பிரிவில் 11.3 சதவீதம், 'சாப்பிடு' என்று சொல்லப்பட்ட பிரிவுகளில் 4.9.

இலவசமாக எண்ணெய் கொடுத்தால் யார்தான் ஓடுவார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஓரிடத்தில் பக்கத்து வீட்டுக்கு மட்டும் எண்ணெய் வருகிறதே என்று முறையீடு கிளம்பி, ஆய்வாளர் ஊருக்கு ஒரே பிரிவு என்று சமாதானம் செய்துவிட்டார். குலுக்கல் முறை அங்கே குலைந்தது. இன்னும் சில வீடுகளில் கணவன் மனைவியைக் குலுக்காமலே ஒரே பிரிவில் போட்டிருந்தார்கள். இதனால் 2013-ல் வெளிவந்த கட்டுரையை 2018-ல் திரும்பப் பெற்று, கணக்கைப் புதிதாகப் போட்டு வெளியிட்டார்கள்; முடிவு பெரிதாக நகரவில்லை. ஆனாலும் இதைச் சாகாவரம் என்று விற்பவரை நம்ப வேண்டாம். தெளிவாகக் குறைந்தது பக்கவாதம்தான். மொத்த மரண எண்ணிக்கையில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. 'இந்த வயசுக்கு மேல் மாறி என்ன ஆகப்போகிறது' என்ற சாக்குக்கு மட்டும் இங்கே இடமில்லை. இவர்கள் எல்லாருமே அந்த வயசுக்கு மேல்தான் சேர்ந்தார்கள்.

பாக்கி இருப்பது திராட்சை மது. சொன்னபடி சாப்பிடுகிறார்களா என்று அளக்க ஆய்வில் வைத்திருந்த 14 கேள்விகளில் ஒன்று, வாரம் 7 கோப்பை உண்டா என்று விசாரிக்கிறது. உலகெங்கும் பல தாத்தாக்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். உணவோடுதான் அருந்தவேண்டும், அதுவும் ஏற்கெனவே பழக்கம் உள்ளவருக்கு மட்டும் என்ற நிபந்தனை அவர்கள் கண்ணில் படவில்லை. பயறு பற்றிய கேள்வி எந்த நிபந்தனையும் இல்லாமல் அதே பட்டியலில் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்த தாத்தாவை இனிமேல்தான் தேட வேண்டும்.